கோரைவயல் தலையைச் சொறியக் கூடாது

உடையப்பனுக்கு ஒன்றரை ஏக்கர் சம்பா. கார்த்திகைக் கடைசியில் பயிர் பொதி கட்டி, கதிரை வயிற்றில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்து நின்றது. பிடாரிக்குளத்திலோ தண்ணீர் கரை முட்டக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மடை, அந்த மடைக்கு ஒரு சாவி. சாவி என்றால் பூட்டுச் சாவி அல்ல. மடைப் பலகையை ஏற்றி இறக்கும் திருகுக் கம்பியின் தலையில் மாட்டித் திருப்புகிற முழங்கை நீள இரும்புப் பிடிதான் அது.

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் அந்தக் குளம் இரண்டு ஊருக்குப் பொது. மேற்கே சேந்தவிடுதி, கிழக்கே கோரைவயல். மூன்று நாள் அவர்கள் முறை, மூன்று நாள் இவர்கள் முறை. முறை மாறுகிற காலையில் சாவி வைத்திருக்கும் ஊரின் தலைவர் குளக்கரைக்கு வந்து, தட்டில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் சாவியை வைத்து, எதிர் ஊரின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். எதிர் ஊர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான்.

இந்த வருஷம் சேந்தவிடுதித் தலைவர் முனியசாமிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கரைக்கு வர முடியாத மனிதர், வெற்றிலைமேல் சாவியை வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மூன்று தடவை கூப்பிட வேண்டுமே என்று மூன்று வாய்ஸ் மெசேஜும் அனுப்பினார். போட்டோவில் இருக்கிற வெற்றிலையை மெல்ல முடியுமா என்று கேட்டார் கோரைவயல் தலைவர் வசந்தகுமார். முறையாகக் கூப்பிடாத சாவியைத் தொட மாட்டோம் என்று கோரைவயல் உட்கார்ந்துவிட்டது. கொடுத்தாச்சு, வாங்காதது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு, சேந்தவிடுதி தன் முறையோடு கோரைவயல் முறையையும் சேர்த்துப் பாய்ச்ச ஆரம்பித்தது.

உடையப்பன், நான் போய் வாங்கிட்டு வாரேன் என்று கிளம்பினான். டீக்கடையிலேயே மறித்துவிட்டார்கள். நீ போனால் ஊரே போய்க் கெஞ்சின மாதிரி ஆகிவிடும் என்றார்கள். அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வயலுக்குப் போவான், வெடிப்பில் விரலை விட்டுப் பார்ப்பான், வீட்டுக்கு வருவான், சட்டையை மாட்டுவான், மறுபடி வயலுக்குப் போவான். முதலில் சுண்டுவிரல் போன வெடிப்பில் இப்போது கட்டைவிரல் போனது. சோறு வைத்தால் பாதியில் எழுந்துவிடுகிறான் என்று அவன் மனைவி மீனம்மாள் தட்டை மூடி வைத்தே சலித்துப்போனாள்.

தாலுகா ஆபீசில் ஒரு மனு கொடுத்திருந்தால் அரை நாளில் ஆள் வந்து திறந்துவிட்டிருப்பார்கள். ஆனால் இரண்டு ஊருக்கும் அந்தக் கதவு அடைபட்டு இரண்டு வருஷமாகிறது. அடைத்தவர் பேராசிரியர் ஆத்மநாதன்.

பேராசிரியர் சட்டம் படித்தவர், சட்டம் கற்பித்தவர், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர். ஒரு முறை நெதர்லாந்துக்குப் போய்ப் பதினொரு நாள் தங்கி, நாடுகளுக்குள் வழக்குத் தீர்க்கும் சர்வதேச நீதிமன்றத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே பதினைந்து நீதிபதிகள், ஒரு நாட்டுக்கு ஒருவருக்கு மேல் கிடையாது. கழுத்தில் வெள்ளை லேஸ். வழக்காட நாடுகள் மட்டும் வரலாம், மனிதர்கள் வர முடியாது. இரண்டு நாடும் சம்மதித்தால்தான் விசாரணை. நீதிமன்றம் இருப்பது சமாதான அரண்மனை என்கிற மாளிகையில். இதெல்லாம் பேராசிரியரின் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. நாடுகளுக்கு இருப்பது ஊர்களுக்கு ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டு, பதினைந்து ஊர்த் தலைவர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்து, எந்தத் தகராறானாலும் இனி இங்கேதான் வருவோம், வேறு எங்கும் போக மாட்டோம் என்று எழுதி வாங்கிவிட்டார். பன்னிரண்டு ஊர் பிரியாணிக்குக் கையெழுத்துப் போட்டது. மூன்று ஊர் சைவம் என்பதால் தயிர்சாதத்துக்குப் போட்டது.

மாளிகைக்கு எங்கே போவது? புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் சாந்தி மகால் என்று ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. சாந்தி என்றாலும் சமாதானம் என்றாலும் ஒன்றுதான், மகால் என்றாலும் அரண்மனை என்றாலும் ஒன்றுதான் என்று பேராசிரியர் முடிவு செய்தார். முகூர்த்தம் இருக்கிற மாதத்தில் மண்டபம் கிடைக்காது. ஆகையால் கிராமங்களிடை நீதிமன்றம் ஆடியிலும் மார்கழியிலும் மட்டும் கூடும் என்று விதி எழுதப்பட்டது. தகராறு செய்ய விரும்பும் ஊர்கள் அதற்கேற்ப நாள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்கழி ஒன்றாம் தேதி காலை உடையப்பன் மண்டபத்து வாசலில் நின்றான். சந்தனமும் பன்னீரும் வைக்கிற மேஜைக்குப் பின்னால் பதிவாளர் பிரகதாம்பாள் உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீசில் தபால் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணில் படாமல் ஒரு கால்புள்ளி போக முடியாது. உடையப்பன் பயிர் காய்வதைச் சொன்னான். அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"நீங்க யாரு?"

"உடையப்பங்க. கோரைவயல்."

"உடையப்பனா, கோரைவயலா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. உடையப்பன்னா இங்க எடமில்ல. இந்த நீதிமன்றத்துக்கு ஊரைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது."

"ஊரு எப்படிம்மா பஸ் ஏறி வரும்?"

"முகவர் வழியா வரும்."

ஊருக்குத் திரும்பி வந்து சொன்னான். முகவராக இருக்க வசந்தகுமாருக்கு நேரமில்லை, மற்றவர்களுக்கு வேலை இருந்தது. உன் பயிர்தானே முதலில் காய்கிறது, நீயே இரு என்று உடையப்பனையே கோரைவயலாக ஆக்கி முத்திரை குத்தித் தாள் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மண்டபத்துக்குள் அவனுக்குச் சொந்தப் பெயர் இல்லை. கோரைவயல் உட்காரலாம் என்றார்கள். கோரைவயல் செல்போனை அணைக்கவும் என்றார்கள். பதற்றத்தில் அவன் கை தலைக்குப் போனபோது பதிவாளர் மைக்கிலேயே அறிவித்தார்.

"கோரைவயல் தலையைச் சொறியக் கூடாது."

மேடையில் ஊருக்கு ஒருவராகப் பதினைந்து நீதிபதிகள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு உடை தைக்கிற டெய்லரிடம் மிச்சமிருந்த வெள்ளை லேஸ் எல்லார் கழுத்திலும் தொங்கியது. பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவின் நடுவில் தலைமை நீதிபதி ஆத்மநாதன். அவர் தலைக்குப் பின்னால் போன கல்யாணத்துத் தெர்மாகோல் எழுத்துகள் அப்படியே இருந்தன: அருண்குமார் - இனியா. அடித்த ஆணி பலமானது, எடுத்தால் சுவர் பெயரும் என்று மண்டபத்துக்காரர் தடுத்திருந்தார்.

எதிரே சேந்தவிடுதியின் நாற்காலியில் முனியசாமி, இடுப்பில் பெல்ட்டோடு. கரைக்கு வர முடியாத இடுப்பு புதுக்கோட்டை வரைக்கும் எப்படி வந்தது என்று உடையப்பன் யோசித்தான். அவரோடு வந்த கூட்டத்தில் அவன் தங்கை காத்தாயியும் இருந்தாள். சேந்தவிடுதியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் குவைத்தில் இருக்க, முக்கால் ஏக்கரைத் தனியாளாகப் பார்க்கிறாள். அண்ணனைப் பார்த்துச் சிரிக்கப் போனவளை, எதிர்த்தரப்பைப் பார்த்துச் சிரிப்பது மரபல்ல என்று பதிவாளர் அடக்கினார்.

நீதிமன்றத்தின் ஆட்சிமொழி இரண்டு. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று செந்தமிழ். கோரைவயல் பேசிய தமிழ் இரண்டிலும் சேராததால் இலக்கியா என்கிற எம்.ஏ. படித்த பெண்ணை மொழிபெயர்ப்பாளராக நியமித்திருந்தார்கள். உடையப்பன் எழுந்து, ஐயா தண்ணி விடச் சொல்லுங்க, பயிரு செத்துக்கிட்டிருக்கு என்றான். இலக்கியா அதை, மாண்பமை ஆயத்தாரே, மனுதார ஊரானது தனது வேளாண் நலன்கள் நீரியல் இடர்ப்பாட்டுக்கு உட்பட்டுள்ளமை குறித்துத் தனது ஆழ்ந்த அக்கறையைப் பதிவு செய்கிறது என்று சொன்னாள். நீதிபதிகள் தலையசைத்தார்கள். உடையப்பனும் பயந்துபோய்த் தலையசைத்தான். யாருக்கோ ஏதோ பெரிய ஆபத்து என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது.

முதல் நாலு நாள் சேந்தவிடுதியின் ஆட்சேபத்துக்கே போனது. அந்தக் கையெழுத்தை நாங்கள் பிரியாணிக்குப் போட்டோம், நீதிமன்றத்துக்குப் போடவில்லை என்பது அவர்கள் வாதம். ஆகவே தங்களுக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டா என்று நீதிமன்றம் விசாரித்தது. அப்படி விசாரிக்க அதிகாரம் உண்டா என்று ஒரு நீதிபதி கேட்டதால் அதையும் தனியாக விசாரித்தது. ஐந்தாம் நாள் மாலை பத்து ஓட்டுக்கு ஐந்து ஓட்டு என்ற கணக்கில், தயிர்சாதம் சாப்பிட்ட ஊர்களின் தனிக் கருத்தோடு, அதிகாரம் உண்டு என்று தீர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். உடையப்பன் வழக்கே முடிந்துவிட்டதாக நினைத்து, நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நேரே மடைக்கு ஓடினான். தண்ணீர் சேந்தவிடுதி வாய்க்காலில்தான் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் தலைமை நீதிபதி அவனை உள்ளே கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். உண்மையிலேயே நல்ல மனிதர். காபி கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"அவசரப்படாதீங்க கோரைவயல். உலக நீதிமன்றத்துல சில எல்லைத் தகராறு முடியப் பல வருஷம் ஆயிருக்கு. அதுவரைக்கும் ரெண்டு நாடும் மனு எழுதும், எதிர்மனு எழுதும், பதில் எழுதும், மறுபதில் எழுதும். எழுதுற கை அடிக்காது பாருங்க. அதுக்குப் பேருதான் சமாதானம். தீர்ப்பு சீக்கிரம் வந்துருச்சுன்னா எழுத்து நின்னுரும். அப்புறம் சமாதானத்துக்கு என்ன உத்தரவாதம்?"

"நெல்லுக்குப் படிக்கத் தெரியாதுங்களே," என்றான் உடையப்பன்.

இலக்கியா பக்கத்தில் இல்லாததால் அது மொழிபெயர்க்கப்படவில்லை. ஆனாலும் பேராசிரியருக்கு மனம் இளகியது. இடைக்கால உத்தரவு என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள் என்று வழி சொன்னார். உடையப்பன் கேட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மார்கழி ஒன்பதாம் தேதி உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை தகராறை முற்றச் செய்யும் எந்தக் காரியத்தையும் எந்த ஊரும் செய்யக் கூடாது. மடை இருந்த நிலையில் இருக்க வேண்டும். இருந்த நிலை என்ன? தகராறு தொடங்கிய காலையில், முறை மாறும் நேரமாதலால், மடை மூடியிருந்தது. ஆகவே இனி மூடியே இருக்கும். சாவி நீதிமன்றத்தின் காவலில் இருக்கும். ஒரு தட்டில் வெற்றிலை இல்லாமல் சாவி வந்தது. பதிவாளர் அதை மணமகள் அறை பீரோவில் வைத்துப் பூட்டி, அரக்கு ஒட்டி, முத்திரை வைத்தார். இருதரப்புக்கும் சமமான நீதி என்று பேராசிரியர் கண்கலங்கினார். சமம்தான். அதுவரை ஒரு ஊர் காய்ந்தது, அன்றிலிருந்து இரண்டு ஊரும் காய்ந்தது.

ஒரு வாரம் போனது. உடையப்பனின் வயலில் கடைமடைப் பக்கம் கதிர் வெளியே வந்து, வந்த வேகத்திலேயே வெளுத்தது. உள்ளே பால் இல்லை. ஒரு கதிரை உருவி நசுக்கிப் பார்த்தான். வெறும் உமி. அவனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கரைமேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர் வெயிலில் பளபளத்தது, கொக்கு நின்றது. மறுபக்கம் இரண்டு ஊர் வயலும் ஒரே நிறத்தில் வாடியிருந்தன. எது சேந்தவிடுதி, எது கோரைவயல் என்று தெரியவில்லை. எதிர்க்கரையில் காத்தாயி அவளுடைய வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வயிறு காய்ந்தால் வீம்பு இறங்கிவிடும். மார்கழி பதினாறாம் தேதி முனியசாமியும் வசந்தகுமாரும் ஒரே ஷேர் ஆட்டோவில் மண்டபத்துக்கு வந்து இறங்கினார்கள். உடையப்பனும் காத்தாயியும் பின்னால் வந்தார்கள். நாங்கள் சமாதானமாகிவிட்டோம், சாவியைக் கொடுங்கள் என்று இரண்டு தலைவரும் சேர்ந்து கேட்டார்கள். நீதிமன்றம் ஒரு மணி நேரம் உள்ளே போய் ஆலோசித்துவிட்டு வந்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"ரெண்டு ஊரும் ஒத்துப்போயிட்டீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா ஒத்துப்போயிட்டா தகராறு இல்ல. தகராறு இல்லேன்னா இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்ல. அதிகாரம் இல்லாத நீதிமன்றம் எப்படி ஒரு உத்தரவை ரத்து பண்ணும்? நீங்களே சொல்லுங்க. சாவியை எடுக்கணும்னா நீங்க மறுபடி சண்டை போட்டுக்கிட்டு வரணும்."

இரண்டு தலைவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடனே சண்டை போடவும் முயன்றார்கள், பாவம். ஆனால் ஆட்டோவில் ஒன்றாக வந்ததைப் பதிவாளர் பார்த்துவிட்டார். பாசாங்குத் தகராறு செல்லாது என்று குறித்துக்கொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள். இங்கே இரண்டு சாமியும் வரம் கொடுத்துவிட்டு வாசலில் நின்றன.

மறுநாள் உச்சி வெயில். உடையப்பன் கரையில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து காத்தாயி மஞ்சப்பையோடு வந்தாள். பையிலிருந்து ஒரு பைப் ரெஞ்ச்சை எடுத்தாள். அவள் புருஷன் குவைத்துக்குப் போகும்முன் ஊர் ஊராக போர்வெல் இறக்கின காலத்தில் வாங்கியது, நாலு வருஷமாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது.

"இது புடிக்குமாண்ணே?"

உடையப்பன் மடைக் கம்பியின் தலையைப் பார்த்தான், ரெஞ்ச்சைப் பார்த்தான். பிடிக்கும். எந்த ரெஞ்ச்சும் பிடிக்கும். அந்தக் கம்பிக்குச் சாவியென்று தனியாக எதுவுமே வேண்டியதில்லை என்பது இரண்டு ஊரிலும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் இத்தனை தலைமுறையாக ஒருத்தரும் வேறு எதையும் அதில் மாட்டியதில்லை. அந்தத் தட்டுக்கும் வெற்றிலைக்கும் கொடுத்த மரியாதை அது. அவன் தயங்கினான்.

"ஊரு கேட்டா என்ன சொல்றது?"

"ஊருதான் கோர்ட்டுல ஒக்காந்திருக்கே. நாம ஆளுங்கதானே. புடிண்ணே."

அவன் பிடித்தான், அவள் கூட ஒரு கை போட்டாள். துரு கிறீச்சிட்டது. மூன்றாவது சுற்றில் பலகை ஏறியது. தண்ணீர் மடைக்குள் இரைந்து, புழுதியைத் தள்ளிக்கொண்டு இரண்டு வாய்க்காலிலும் பிரிந்து ஓடியது. உடையப்பன் தண்ணீருக்கு முன்னால் வாய்க்கால் வரப்பில் ஓடினான், நாற்பத்தெட்டு வயது என்பதை மறந்துவிட்டு. கடைமடையில் உமியாகிவிட்டது ஆகிவிட்டதுதான், கால்வாசி வயல் போயிற்று. மிச்சம் அன்று சாயங்காலமே நிமிர்ந்தது.

செய்தி மண்டபத்துக்கு எட்டியது. மார்கழி இருபத்தொன்பதாம் தேதி, அந்தப் பருவத்தின் கடைசி அமர்வு. தை இரண்டாம் தேதி முகூர்த்தம் என்பதால் பந்தல்காரர்கள் அப்போதே வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மேடையிலேறி, நீதிபதிகளின் தலைக்கு மேல் கையை விட்டு, அருண்குமாரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தான். சுவர் பெயரவில்லை.

உத்தரவை மீறி மடை திறந்திருப்பதாகத் தெரிகிறது, திறந்தது கோரைவயலா என்று பேராசிரியர் கேட்டார்.

உடையப்பன் எழுந்தான். இரண்டு வாரமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னான். "கோரைவயல் தொறக்கலீங்க. நான் தொறந்தேன்."

"நான் என்றால்?"

"உடையப்பன்."

பதிவாளர் பிரகதாம்பாள் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அப்படி ஒரு ஊர் இல்லை என்றார். திறந்தது சேந்தவிடுதியா என்று கேட்டார்கள். முனியசாமி இல்லை என்றார். பின்னாலிருந்து காத்தாயி, நானும்தான் கை போட்டேன் என்றாள். காத்தாயி என்ற ஊரும் பதிவேட்டில் இல்லை. பீரோவைப் போய்ப் பார்த்தார்கள். அரக்கு அப்படியே இருந்தது. சாவி உள்ளேயே இருந்தது.

பேராசிரியர் நாற்பத்திரண்டு பக்கத் தீர்ப்பை நின்றுகொண்டு வாசிக்க ஆரம்பித்தார். மடையைத் திறந்ததாக எந்த ஊர்மீதும் நிரூபணமாகவில்லை. ஊர்களைத் தவிர வேறு எவரும் இந்த மன்றத்தின் முன் இருக்க முடியாது. இல்லாதவர்கள் எதையும் திறக்க முடியாது. சாவியும் காவலிலேயே உள்ளது. ஆகவே மடை மூடியிருக்கிறது. அது தொடர்ந்து மூடியே இருக்க இந்த மன்றம் ஆணையிடுகிறது. உத்தரவை இரண்டு ஊரும் முழுமையாக மதித்து நடந்தமைக்கு மன்றம் மகிழ்ச்சி தெரிவிக்கிறது.

அவர் குரல் தழுதழுத்தது. அவர் வாழ்க்கையில் மீறப்படாத முதல் உத்தரவு அது. முப்பத்தேழாம் பக்கத்திலேயே கை தட்டல் கேட்டது. உடையப்பனும் தட்டினான். அந்த நல்ல மனிதருக்காக அவனுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. தட்டி முடித்துவிட்டு, யாரும் தடுக்கவில்லை என்பதால், தலையை நன்றாகச் சொறிந்துகொண்டான். பிறகு எழுந்து வெளியே நடந்தான். இல்லாத ஆள் எழுந்து போவதைப் பதிவாளரால் குறிக்க முடியவில்லை.

வாசலில் வாழை மரத்துக்குப் பக்கத்தில் காத்தாயி நின்றாள். கல்யாணத்துக்கு வந்து இறங்கியிருந்த வெற்றிலைக் கட்டிலிருந்து பந்தல்காரரைக் கேட்டு நாலு வெற்றிலை வாங்கி வைத்திருந்தாள். மஞ்சப்பையிலிருந்து ரெஞ்ச்சை எடுத்து, வெற்றிலைமேல் வைத்து, நீட்டினாள்.

"நாளையிலிருந்து ஒங்க மொறைண்ணே. உடையப்பண்ணே. உடையப்பண்ணே. உடையப்பண்ணே."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் வாய்க்காலைத் துப்புரவு செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தான். பின்னால் மண்டபத்துக்குள் தீர்ப்பின் முப்பத்தெட்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மடை இன்னும் மூடியே இருந்தது.